பின்கட்டு கெய்சர் லேட்டா சூடாகுதா? கோளாறு காயில்லயா வயர்லயான்னு கணக்கு போட்டு பார்த்துடலாம்

கேள்வி: தேவகோட்டைல எங்க அப்பத்தா வீட்டுல பின்கட்டு பாத்ரூமுக்கு 15 லிட்டர், 2000 வாட்ஸ் கெய்சர் மாட்டினோம். சென்னை ஃபிளாட்ல இருக்கற அதே மாடல்தான், ஆனா இங்க தண்ணி சூடாக ரொம்ப நேரமாகுது. எலக்ட்ரீஷியன் காயில் வீக், மாத்திடுங்கங்கறார். கெய்சர் ஓடும்போது முகப்புல மீட்டர் போர்டுகிட்ட 225 வோல்ட், கெய்சர் பாயிண்டுல 212 வோல்ட், கிளாம்ப் மீட்டர்ல 8 ஆம்ப்ஸ். கெய்சரை மாத்தணுமா?

பதில்: மாத்தாதீங்க தம்பி, உங்க காயில் நல்லாத்தான் இருக்கு, நீங்க அனுப்புன மூணு நம்பர்லயே பதில் இருக்கு. ரெண்டு இடத்துலயும் கெய்சர் ஓடும்போதே வோல்டேஜ் பார்த்தீங்க பாருங்க, அதுதான் பெரிய விஷயம், முக்காவாசி பேர் ஆஃப் பண்ணிட்டு பார்த்துட்டு எல்லா இடத்துலயும் 225 இருக்கேம்பாங்க, கரண்ட் ஓடலைன்னா வயர்ல டிராப்பே, அதாவது வழியில வோல்ட் குறையறதே, வராது.

முதல்ல காயிலைப் பார்ப்போம். வோல்ட்டை ஆம்ப்ஸால வகுத்தா ரெசிஸ்டன்ஸ், அதாவது கரண்ட்டுக்கு இருக்கற தடை, 212ஐ 8ஆல வகுத்தா 26.5 ஓம். சரி, புதுசுல எவ்வளவு இருந்திருக்கணும்? கெய்சர் மேல 230 வோல்ட், 2000 வாட்ஸ்னு போட்டிருக்கும், 230ஐ 230ஆல பெருக்கி 2000ஆல வகுங்க, 26.45 வரும். ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதானே? காயில்ல ஒரு குறையும் இல்ல.

இப்ப பவர். வோல்ட்டையும் ஆம்ப்ஸையும் பெருக்கினா வாட்ஸ், 212 இன்டு 8, 1696 வாட்ஸ்தான் தண்ணிக்குப் போகுது. 25 டிகிரி தண்ணி 15 லிட்டர் 60 டிகிரிக்கு வர முழு 2000 வாட்ஸ் கிடைச்சா 18 நிமிஷம் சொச்சம், 1696ல ஏறக்குறைய 22 நிமிஷம், இதுதான் உங்களுக்கு தெரியற லேட்டு. வோல்டேஜ் 8 சதவீதம் குறைஞ்சா பவர் 15 சதவீதம் குறையும், ஏன்னா வோல்ட் குறையும்போது ஆம்ப்ஸும் சேர்ந்து குறையுது.

அப்ப நடுவுல காணாமப் போன 13 வோல்ட் எங்க? உங்க வீடு எங்க ஊர்ப்பக்கத்து வழக்கப்படி இந்தத் தெருவுல முகப்பு அடுத்த தெருவுல பின்வாசல்னு இருக்கும், முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டு தாண்டி பின்கட்டுக்கு வயர் 40 மீட்டர் ஓடுதுன்னு வைங்க, ஃபேஸும் நியூட்ரலும் சேர்த்து 80 மீட்டர். 13ஐ 8ஆல வகுத்தா 1.6 ஓம் சொச்சம், அது முழுக்க அந்த லைனோட ரெசிஸ்டன்ஸ். ஒன் ஸ்கொயர், அதாவது குறுக்குவெட்டு ஒரு சதுர மில்லிமீட்டர் இருக்கற காப்பர் வயர் கிலோமீட்டருக்கு 18 ஓம், 80 மீட்டருக்கு 1.45 வரும், மிச்சம் சுமார் 0.18 ஓம் ஜாயின்ட்டுலயும் ஃபியூஸ் கேரியர்லயும் இருக்கு. யாரோ லைட் பாயிண்ட் வயர்லேந்தே கெய்சருக்கு லைன் இழுத்து விட்டிருக்காங்கங்கறது என் சந்தேகம், தேக்குக் கட்டைக்குள்ள வயர் ஓடற பழைய வயரிங் வீடுகள்ல இது சகஜம்.

13 வோல்ட் இன்டு 8 ஆம்ப்ஸ், 104 வாட்ஸ் வயர்ல சூடா வீணாப் போகுது. தினம் ஒரு மணி நேரம் ஓட்டினாலும் ரெண்டு மாச பில்லுல ஆறு யூனிட்தான், காசு ஒண்ணும் பெருசில்ல. பயம் எங்கன்னா அந்த 0.18 ஓம் ஒரே லூஸ் ஜாயின்ட்டுல இருந்தா பதினோரு வாட்ஸுக்கு மேல அந்தச் சின்ன இடத்துலயே சூடாகும், அதுவும் பழைய காஞ்ச மரக்கட்டைக்குள்ள. படைப்புக்கு (முன்னோருக்குப் படைக்கற நாள்) எல்லா புள்ளியும், அதாவது பங்காளிக் குடும்பம் எல்லாம், வந்து இறங்குற நாள்ல அதே லைன்ல இன்னொரு கெய்சரையோ இண்டக்‌ஷன் அடுப்பையோ போட்டு 16 ஆம்ப்ஸ் ஆச்சுன்னா வயர்ல சூடு ரெண்டு மடங்கு இல்ல, நாலு மடங்கு, நானூறு வாட்ஸுக்கு மேல.

இந்தக் கணக்கை எல்லாத்துக்கும் போடாதீங்க. கெய்சர், அயர்ன் பாக்ஸ், ஹீட்டர் ராடு, இதுக்கெல்லாம் சரியா வரும். கிணத்து மோட்டாருக்கு வோல்ட் இன்டு ஆம்ப்ஸ் வாட்ஸ் ஆகாது, அதுல எவ்வளவு பங்கு நிஜ வாட்ஸ்னு சொல்ற பவர் ஃபேக்டர் 0.8ன்னா அதையும் பெருக்கணும். குண்டு பல்பை மல்டிமீட்டர்ல ஓம் பார்த்து கணக்கு போட்டாலும் தப்பாத்தான் வரும், 60 வாட்ஸ் பல்பு எரியும்போது 880 ஓம் இருக்கும், அணைஞ்சு ஆறினதும் அதுல பத்துல ஒரு பங்குகூட இருக்காது. அப்புறம் கிளாம்ப் மீட்டரை ஃபேஸ் வயரை மட்டும் சுத்திப் போடணும், ரெண்டையும் சேர்த்துப் போட்டா சைபர்தான் காட்டும்.

கெய்சருக்குன்னு மெயின் போர்டுலேந்து தனி லைன், நாலு ஸ்கொயர் காப்பர், நடுவுல ஜாயின்ட் இல்லாம இழுக்கச் சொல்லுங்க. அது 80 மீட்டருக்கு 0.37 ஓம்தான், டிராப் மூணு வோல்ட்டோட நின்னுடும். ரெண்டரை ஸ்கொயர் போதும்னு சொல்வாங்க, தாங்கும், டிராப் அஞ்சு வோல்ட் ஆகும், ஆனா இவ்வளவு தூரத்துக்கு நான் நாலுதான் போடுவேன். கூடவே எர்த் வயர் வரணும், பழைய வயரிங்ல பெரும்பாலும் எர்த்தே இருக்காது. கரண்ட் அளவு மீறினா அணைக்கற 16 ஆம்ப்ஸ் எம்சிபி, கரண்ட் கசிஞ்சா அணைக்கற 30 மில்லிஆம்ப்ஸ் ஆர்சிசிபி ரெண்டும் போடுங்க, வேலை முடியற வரைக்கும் அந்த கெய்சரை ஆன் பண்ண வேணாம்னு அப்பத்தாகிட்ட சொல்லிடுங்க.