மோபி தடம் மாறினாரா?

கேள்வி: பங்க் என்னும் முரட்டு வேக ராக் இசைக் குழுவில் கிட்டார் வாசித்துத் தொடங்கிய அமெரிக்கர் மோபி, பணம் கொழிக்கும் மின்னணு நடன இசைக்குத் தாவிவிட்டார். எல்லா வாத்தியங்களையும் தொட்டுப் பார்த்து எதிலும் நிலைக்காத ஒருவரை ஏன் கொண்டாடுகிறீர்கள்?
- வாசகர், திருச்சி

பதில்: பணத்துக்காகத் தாவினார் என்ற உங்கள் குற்றச்சாட்டு 1996-இலேயே பொய்த்துவிட்டது. 1991-இல் 'கோ' பிரிட்டனின் முதல் பத்துப் பாடல்களில் இடம்பிடித்து, 1995-இல் 'எவ்ரிதிங் இஸ் ராங்' ஆல்பமும் பாராட்டுப் பெற்று, நடன அரங்குகள் அவரைத் தலையில் தூக்கி வைத்திருந்த நேரத்தில்தான், அலறும் கிட்டார்களும் கூச்சலும் நிறைந்த 'அனிமல் ரைட்ஸ்' என்ற ஆல்பத்தை அவர் வெளியிட்டார். அது விற்கவில்லை, நடன இசை ரசிகர்களும் முகம் சுளித்தார்கள். காசைத் துரத்துகிறவர் செய்யும் காரியமா இது?

1980-களின் தொடக்கத்தில் கனெக்டிகட் மாநிலத்தில் அவர் கிட்டார் வாசித்த 'வாட்டிகன் கமாண்டோஸ்' பங்கிலேயே இன்னும் வேகமும் மூர்க்கமும் கூடிய ஹார்ட்கோர் பங்க் வகையைச் சேர்ந்த குழு. பெரிய கம்பெனியின் தயவுக்குக் காத்திராமல், கையில் இருப்பதைக் கொண்டு தானே இசைத்துத் தானே பதிவு செய்வதுதான் அந்த இயக்கம் கற்றுத் தந்த பாடம். பின்னாளில் மன்ஹாட்டன் குடியிருப்பில் சாம்ப்ளர் (பதிவான ஒலித்துணுக்குகளை எடுத்து மறுபடி இசைக்கும் கருவி), கீபோர்ட், கிட்டார் ஆகியவற்றோடு தனியாக உட்கார்ந்து 'ப்ளே' ஆல்பத்தை உருவாக்கியபோதும் அவர் செய்தது அதையேதான்.

எந்த வாத்தியத்திலும் அவர் மேதை இல்லை என்பதை நான் மறுக்கவில்லை. பல வாத்தியங்கள் அறிந்தவருக்கு வாய்க்கும் திறமை வேறு. 'ப்ளே' ஆல்பத்தில் உள்ள 'நேச்சுரல் ப்ளூஸ்' பாடலைக் கேளுங்கள். தன் துயரம் கடவுளைத் தவிர யாருக்கும் தெரியாது என்று அலபாமாவைச் சேர்ந்த நாட்டுப்புறப் பாடகி வேரா ஹால் பக்கவாத்தியமே இல்லாமல் பாட, நாட்டுப்புறப் பாடல்களைத் தேடித் தொகுத்த ஆலன் லோமாக்ஸ் பதிவு செய்த பழைய குரல் அது. அதன் அடியில் பியானோவின் எளிய சுரக்கூட்டுகளையும் டிரம் தாளத்தையும் வயலின்களை ஒத்த கீபோர்ட் ஒலியையும் மோபி சேர்க்கிறார். குரல் அதே வரிகளைத்தான் திரும்பத் திரும்பப் பாடுகிறது. சுற்றியுள்ள ஒலி மாற மாறத் துயரம் கனத்துக்கொண்டே போகிறது. எந்த வாத்தியமும் அந்தக் குரலை மிஞ்சுவதில்லை.

மோபியிடம் கேட்க வேண்டிய கேள்வி இங்கேதான் இருக்கிறது, அதை நீங்கள் கேட்கவில்லை. 1999-இல் வெளிவந்து முதலில் மந்தமாக விற்ற 'ப்ளே' ஆல்பத்தின் 18 பாடல்களுக்கும் விளம்பரம், திரைப்படம், தொலைக்காட்சி ஆகியவற்றில் பயன்படுத்த உரிமம் தரப்பட்டது. பிறகு அது ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. வானொலி கைவிட்ட இசை மக்களைச் சென்றடைய அது ஒரு வழி என்ற வாதத்தை என்னால் ஏற்க முடிகிறது. ஆனால் 1964-இல் மறைந்த வேரா ஹாலிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்க முடியாது. பதிவு செய்து பாதுகாத்த லோமாக்ஸ் குடும்பத்துக்கு ஆல்பத்தின் உறையில் மோபி நன்றி சொல்லியிருக்கிறார்; பாடியவர்களுக்கு அவர் பட்ட கடன் அதைவிடப் பெரியது என்பது என் உறுதியான கருத்து.