அப்பாவின் சிவப்புப் புத்தகத்தில் இல்லாத கூச்சிங்

கேள்வி: என் அப்பாவுக்கு 85 வயது. ஈசூனில் எங்களோடு இருக்கிறார். 1958 செப்டம்பரில் பிரிட்டிஷ் ராணுவத்தில் லாரி ஓட்டுநராகச் சேர்ந்தார். 1971இல் அவர்கள் சிங்கப்பூரை விட்டுக் கிளம்பியபோது வெளியே வந்தார். அப்போது கொடுத்த சிவப்பு அட்டைப் புத்தகத்தில் பதக்கம் என்ற இடத்தில் ‘ஜெனரல் சர்வீஸ் மெடல், மலாய் பெனின்சுலா’ என்று ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. ஆனால் 1965இல் பல மாதங்கள் சரவாக்கில், கூச்சிங்கில் லாரி ஓட்டியதாகவும் அதற்கு எதுவும் கிடைக்கவில்லை என்றும் அப்பா சொல்கிறார். இப்போது கேட்டால் நடக்குமா? ஐந்து வருஷத்துக்குள் கேட்டிருக்க வேண்டும் என்கிறார் ஒரு நண்பர். 1,200 வெள்ளி கொடுத்தால் லண்டனில் ஆள் வைத்து முடித்துத் தருகிறேன் என்கிறார் இன்னொருவர். புத்தகத்தில் அப்பாவின் பெயர்கூட அடையாள அட்டையில் உள்ளதுபோல் இல்லை. வழக்குப் போட வேண்டியிருக்குமா?

பதில்: வழக்கு வேண்டாம். அந்த 1,200 வெள்ளியும் வேண்டாம். வேண்டியது அப்பாவின் கையெழுத்தும் கொஞ்சம் பொறுமையும்தான்.

முதலில் அந்த ஐந்து வருஷக் கதை. உங்கள் நண்பர் அதை எங்கோ கேட்டிருப்பார். அப்படி ஒரு விதி பிரிட்டனில் உண்டு, ஆனால் அது வேறு விஷயத்துக்கானது. பழைய சம்பவம் ஒன்றுக்காக இன்று புதிதாக ஒரு பதக்கத்தை உருவாக்குவது, அல்லது யாரோ காட்டிய வீரத்துக்கு இன்று விருது கொடுப்பது, இவற்றுக்குத்தான் ஐந்தாண்டு வரம்பு. அப்பா கேட்பது ஏற்கனவே உள்ள பதக்கம். அதற்கான தகுதியை அவர் 1965இலேயே அடைந்துவிட்டார், எழுத வேண்டியவர்கள் எழுதவில்லை, அவ்வளவுதான். இதற்குக் காலக்கெடு கிடையாது. இரண்டாம் உலகப் போர்ப் பதக்கங்களையே இன்றும் கேட்டு வாங்குகிறார்கள்.

நம் தற்காப்பு அமைச்சில் விசாரித்துப் பயனில்லை. அப்பா இருந்தது பிரிட்டிஷ் அரசியாரின் படையில். ஆகவே கேட்க வேண்டிய இடம் பிரிட்டனின் தற்காப்பு அமைச்சு. அதன் பதக்க அலுவலகம் குளோஸ்டர் பக்கம் இருக்கிறது. விண்ணப்பம் இணையத்திலேயே உண்டு. முதல் முறையாகக் கேட்கும் பதக்கத்துக்குக் கட்டணம் இல்லை.

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். உங்களைப் போன்றவர்கள் எழுதும் கடிதங்களில் பெரும்பாலும் “அப்பாவுக்கு இந்தப் பதக்கம் சேர வேண்டும், சேர்த்துக் கொடுங்கள்” என்றுதான் இருக்கும். அப்படிக் கேட்டால் “எங்கள் ஆவணப்படி தகுதி இல்லை” என்று இரண்டு வரியில் பதில் வந்துவிடும். அவர்கள் பொய் சொல்லவில்லை, ஆவணம் அப்படித்தான் இருக்கிறது. பதக்கம் என்பது தேதிகளைக் கூட்டிப் பார்த்து வரும் விடை. கணக்கில் ஒரு வரி விடுபட்டிருந்தால், விடையோடு சண்டை போட்டு என்ன பயன்? நீங்கள் திருத்தச் சொல்ல வேண்டியது ‘இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை கூச்சிங்கில் பணி’ என்ற வரியை.

கணக்கு இதுதான். 1962ஆம் ஆண்டின் ஜெனரல் சர்வீஸ் மெடல் ஒன்றே ஒன்று. எந்தக் களத்தில் இருந்தீர்களோ அதன் பெயர் பொறித்த சிறு உலோகப் பட்டையை, கிளாஸ்ப் என்பார்கள், அதன் ரிப்பனில் மாட்டிக்கொள்ள வேண்டும். இந்தோனீசியாவுடனான மோதல் காலத்துக்கு இரண்டு பட்டைகள். ‘மலாய் பெனின்சுலா’ 17 ஆகஸ்ட் 1964 முதல் 11 ஆகஸ்ட் 1966 வரை, சிங்கப்பூரும் அதில் அடக்கம். ‘போர்னியோ’ 24 டிசம்பர் 1962 முதல் அதே 11 ஆகஸ்ட் 1966 வரை, கூச்சிங் இருக்கும் சரவாக் இதில் அடக்கம். ஒவ்வொன்றுக்கும் 30 நாள் பணி இருந்தால் போதும். அப்பா பல மாதங்கள் இருந்தேன் என்கிறார். அது உண்மையென்றால் நாளுக்குப் பஞ்சமில்லை.

அப்படியானால் ஏன் விடுபட்டது? உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு இரண்டு சந்தேகங்கள் வந்தன. ஒன்று, லாரி ஓட்டுநர்களை வேறொரு பிரிவுக்குத் தற்காலிகமாக இரவல் கொடுப்பது வழக்கம். பெயர் சிங்கப்பூர்ப் பிரிவின் பட்டியலிலேயே இருக்கும், ஆள் மட்டும் சரவாக்கில் இருப்பார். எழுத்தர் பட்டியலைப் பார்த்து ‘மலாய் பெனின்சுலா’ என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். இரண்டாவது எனக்கு இன்னும் சுவையாகப் படுகிறது. அப்பா சேர்ந்தபோது அவருடைய படைப்பிரிவு ராயல் ஆர்மி சர்வீஸ் கோர். 15 ஜூலை 1965 அன்று அது கலைக்கப்பட்டு, போக்குவரத்துப் பணி ராயல் கோர் ஆஃப் டிரான்ஸ்போர்ட் என்ற புதிய பிரிவுக்குப் போனது. அதாவது அப்பா கூச்சிங்கில் இருந்ததாகச் சொல்லும் அதே மாதங்களில் அவருடைய கோப்பு ஒரு பெயரிலிருந்து இன்னொரு பெயருக்கு மாறிக்கொண்டிருந்திருக்கிறது. வீடு மாறும்போது ஒரு பெட்டி தொலைவதுபோல் ஒரு தாள் தொலைந்திருக்கலாம். இது என் ஊகம்தான். ஆனால் விண்ணப்பத்தில் இதைச் சுட்டிக்காட்டினால் கோப்பைப் பார்ப்பவர் எங்கே தேட வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

இனி அப்பாவோடு உட்காருங்கள். “எந்தத் தேதி போனீர்கள்?” என்று கேட்காதீர்கள், யாருக்கும் நினைவிருக்காது. மெக்டானல்ட் ஹவுஸில் குண்டு வெடித்தது 10 மார்ச் 1965. அப்போது இங்கே இருந்தீர்களா, அங்கேயா என்று கேளுங்கள். சிங்கப்பூர் தனி நாடான செய்தியை 9 ஆகஸ்டில் எங்கிருந்து கேட்டீர்கள்? அந்த வருஷம் தீபாவளிக்கு வீட்டில் இருந்தீர்களா? இப்படி நாலு கேள்வி கேட்டால் தேதிகள் தாமாக நெருங்கி வரும். முகாம் பெயர், மேலதிகாரி பெயர், கூட இருந்த ஓட்டுநர்கள், கப்பலா விமானமா, எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். கூட இருந்தவர்களில் ஒருவர் உயிரோடு இருந்து, அவரும் ஒரு வாக்குமூலம் கொடுத்தால் பெரிய பலம். பழைய சம்பளப் புத்தகம், பின்பக்கம் எழுதிய புகைப்படம், அம்மாவுக்கு எழுதிய கடிதம் எதையும் தூக்கிப் போடாதீர்கள். பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம் லண்டன் கியூவில் இருக்கிறது. ராணுவப் பிரிவுகளின் வரலாற்று அறிக்கைகள் அங்கே டபிள்யூஓ 305 என்ற வரிசையில் உள்ளன. அப்பாவின் பிரிவு 1965இல் கூச்சிங்குக்கு ஆட்களை அனுப்பியதாக அதில் ஒரு வரி கிடைத்தாலும், அவருடைய நினைவுக்கு ஒரு முட்டுக் கிடைத்துவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அப்பா சேர்ந்தது 1958 செப்டம்பர். இதற்கு முந்தைய ஜெனரல் சர்வீஸ் மெடலில், மலாயாவில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக நடந்த அவசரகாலத்துக்கான ‘மலாயா’ பட்டை உண்டு. கூட்டரசு மலாயாவில் இருந்தால்தான் அது என்று பலர் நினைக்கிறார்கள். சிங்கப்பூரில் பணியாற்றியவர்களுக்கும் 31 ஜனவரி 1959 வரை அது உண்டு. ராணுவத்தினருக்கு 30 நாள்கூடத் தேவையில்லை, தகுதியான பிரிவின் பட்டியலில் ஒரு நாள் இருந்தாலே போதும். ஆக, பயிற்சி முடிந்து அப்பா எந்தத் தேதியில் எந்தப் பிரிவுக்குப் போனார் என்பதைப் பாருங்கள். அந்த ஜனவரிக்கு முன்னால் என்றால் இன்னொரு பதக்கமே வரலாம். சிலசமயம் கொடுத்திருப்பார்கள், வீட்டில் தொலைந்திருக்கும். பழைய சீருடைப் படத்தில் ரிப்பனைப் பாருங்கள். முந்தைய பதக்கத்தின் ரிப்பன் ஊதா, நடுவில் பச்சைக் கோடு. 1962ஆம் ஆண்டுப் பதக்கத்தில் பச்சை இரண்டு ஓரத்திலும் இருக்கும். கறுப்பு வெள்ளைப் படத்தில்கூடக் கோடு நடுவிலா ஓரத்திலா என்று தெரிந்துவிடும்.

பெயர்ச் சிக்கல் நம்மவர்கள் எல்லோருக்கும் உள்ளதுதான். அடையாள அட்டையில் ‘கோவிந்தசாமி த/பெ ராமசாமி’ என்று இருப்பவரை வெள்ளைக்கார எழுத்தர் ‘ராமசாமி, ஜி.’ என்று எழுதியிருப்பார். அப்பன் பெயரைக் குடும்பப் பெயராக்கி, மகனை ஒற்றை எழுத்தாகச் சுருக்கிவிட்டார். இதற்காகப் பெயர் மாற்றுப் பத்திரம் எதுவும் போடாதீர்கள், அப்பாவின் பெயர் மாறவில்லையே. சத்தியப் பிரமாண ஆணையர் ஒருவர் முன்னால் சட்டபூர்வ உறுதிமொழி ஒன்று கொடுத்தால் போதும். இரண்டு பெயரும் ஒரே ஆள், ராணுவ எண் இது, பிறந்த தேதி இது என்று. ராணுவ எண்தான் இதில் உயிர்நாடி. பெயர் எப்படிச் சிதைந்தாலும் எண் மாறாது. அது பதக்கத்தின் விளிம்பிலேயே பொறித்திருக்கும், பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். அவர்கள் நோட்டரி சான்று கேட்டால் மட்டும் நோட்டரியிடம் போங்கள். 2021 செப்டம்பரிலிருந்து சிங்கப்பூர் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் (ஒரு நாட்டின் சான்றை இன்னொரு நாடு தூதரக முத்திரை இல்லாமல் ஏற்கும் ஏற்பாடு) இருப்பதால், தூதரகத்துக்கு அலைய வேண்டியதில்லை.

சட்டம் எங்கே வருகிறது என்றால், இங்கே. யூகே ஜிடிபிஆர் எனப்படும் பிரிட்டனின் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, தன்னைப் பற்றிய கோப்பின் நகலைக் கேட்க அப்பாவுக்கு உரிமை உண்டு. குடியுரிமையோ இருக்கும் ஊரோ தடையில்லை. கட்டணம் இல்லை, ஒரு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும், சிக்கலான கோப்பு என்றால் மேலும் இரண்டு மாதம் எடுத்துக்கொள்ளலாம். முதலில் இதைச் செய்யுங்கள். கோப்பைப் பார்க்காமல் பதக்கம் கேட்பது கண்ணைக் கட்டிக்கொண்டு உறியடிப்பது. நகல் வந்த பிறகு, அதே சட்டத்தின் 16ஆவது பிரிவின் கீழ்த் திருத்தம் கேளுங்கள். தவறைத் திருத்துவது மட்டுமல்ல, குறையாக உள்ளதை ஒரு துணை அறிக்கை சேர்த்து நிறைவு செய்யவும் அந்தப் பிரிவு இடம் தருகிறது. அவர்கள் கூச்சிங் வரியைச் சேர்க்க மறுத்தாலும், அப்பாவின் வாக்குமூலத்தைக் கோப்போடு இணைக்கச் சொல்லிக் கேளுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் அங்குள்ள தகவல் ஆணையரிடம் புகார் செய்யலாம்.

இந்த உரிமை உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டும்தான். நான் இதைச் சொல்லத் தயங்கவில்லை, 85 வயதுக்காரரின் மகனுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது. பிறகு வாரிசு என்ற முறையில் கேட்கலாம், ஆனால் திருத்தக் கேட்கும் பிடிமானம் போய்விடும், யார் வாரிசு என்ற காகிதங்களும் சேர்ந்துகொள்ளும். அப்பாவுக்கு நினைவு தெளிவாக இருந்தால் அவரே கையெழுத்திடட்டும், உங்களோடு தொடர்புகொள்ளலாம் என்று ஓர் அனுமதிக் கடிதமும் தரட்டும். தன்னால் முடிவெடுக்க முடியாமல் போனால் யார் முடிவெடுக்க வேண்டும் என்று எழுதி வைக்கும் எல்பிஏ பத்திரத்தை இன்னும் செய்யவில்லை என்றால் அதையும் இப்போதே செய்துவிடுங்கள், இதற்காக மட்டுமல்ல.

நீதிமன்றம் ஏன் வேண்டாம்? பதக்கம் அரசருடைய கொடை. சட்டப்படி கோரிப் பெறும் சொத்து அல்ல. தகுதியைத் தவறாக மறுத்தார்கள் என்று லண்டனில் மறுஆய்வு கேட்க வழி இருந்தாலும், ஆகும் செலவுக்கு ஒரு நல்ல கார் வாங்கலாம். பணம் வருமா என்று உங்கள் கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். வராது. களப் பதக்கத்தோடு ஓய்வூதியம் எதுவும் ஒட்டிக்கொண்டு வருவதில்லை. நீண்டகால நன்னடத்தைப் பதக்கத்துக்கு 13 வருஷப் பணி போதாது, அதைக் கேட்டு விண்ணப்பத்தைக் கனமாக்க வேண்டாம்.

மலேசிய அரசு கொடுத்த பிங்காட் ஜாசா மலேசியா பதக்கம் தனிக் கதை. அது வேறு நாட்டின் விருது என்பதால் சிவப்புப் புத்தகத்தில் தேடாதீர்கள். இந்த விண்ணப்பத்தோடு அதைக் கலக்கவும் வேண்டாம்.

இன்னொன்று. ‘போர்னியோ’ பட்டையைப் பழம்பொருள் விற்பவரிடம் வாங்கி அப்பாவின் பதக்கத்தில் மாட்டிவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். சுங்கை ரோட்டுச் சந்தை 2017இல் மூடிவிட்டது, ஆனால் இணையத்தில் எல்லாம் கிடைக்கிறது. செய்யாதீர்கள். விசாரணை நடக்கும்போது அந்தப் பதக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால், உண்மையான கோரிக்கைமீதே சந்தேகம் விழும். லண்டனில் ஆள் வைத்திருப்பவரிடம், அந்த ஆள் என்ன செய்வார் என்று எழுத்தில் கேளுங்கள். அநேகமாக நீங்கள் இலவசமாக நிரப்பக்கூடிய அதே படிவத்தைத்தான் நிரப்புவார்.