நீர்ப்பூங்காவுக்கு மூக்கோடு போங்கள்

குளிர்கால விடுமுறை நெருங்கியதும் உள்ளரங்க நீர்ப்பூங்கா பற்றிய கடிதங்கள் குவிந்துவிட்டன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்திருக்கிறேன்.

பிள்ளைகளுக்கு 4 வயது, 7 வயது. விஸ்கான்சின் டெல்ஸ் வரை போக வேண்டுமா, பக்கத்திலேயே போதுமா? (சிகாகோ)

பக்கத்திலேயே போதும். கர்னியில் இருக்கும் கிரேட் வுல்ஃப் லாட்ஜ் என்ற விடுதிப் பூங்காவுக்கு ஒரு மணி நேரம், டெல்ஸுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல். நாலு வயதுப் பிள்ளை எங்கே போனாலும் கணுக்கால் தண்ணீரில் வாளி கவிழ்வதைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கும். டெல்ஸில் உள்ள கலஹாரி, வில்டர்னெஸ் மாதிரி பெரிய இடங்களை இரண்டு பேரும் பத்து வயதைத் தாண்டியதும் பார்த்துக்கொள்ளலாம். பெரிய சறுக்குகள் பலவற்றுக்கு 48 அங்குல உயரம் வேண்டும். மூத்தவன் அந்தக் கோட்டுக்கு மேலேயோ கீழேயோ அரை அங்குலத்தில் நிற்பான். வீட்டிலேயே செருப்பில்லாமல் அளந்துவிட்டுக் கிளம்புங்கள்.

டாலஸ் பக்கம் எது மலிவு? உடனே சொல்லவும்.

எத்தனை பேர், எந்த நாள், தங்குவீர்களா, ஒன்றும் எழுதவில்லை. ஜாதகம் தராமல் பொருத்தம் பார்க்கச் சொல்கிறீர்கள். பொதுவாகச் சொல்கிறேன். கிரேப்வைனில் இருக்கும் கிரேட் வுல்ஃப் லாட்ஜ் விடுதியோடு சேர்ந்த பூங்கா. அறை வாடகையிலேயே பூங்கா அடக்கம், ஆனால் ரிசார்ட் ஃபீ என்ற கட்டாயக் கட்டணமும் சேரும். கடைசிப் பக்கத்தில் வரும் மொத்தத் தொகையைப் பார்க்காமல் கார்டு எண்ணைத் தட்டாதீர்கள். தங்கும் எண்ணம் இல்லையென்றால் கிராண்ட் ப்ரெய்ரியில் எபிக் வாட்டர்ஸ் இருக்கிறது. நகராட்சிக்குச் சொந்தமானது, வெயில் வந்தால் கூரையைத் திறந்துவிடுவார்கள். வார நாளில் போனால் வரிசையும் குறையும்.

போன முறை போன இடத்தில் குளோரின் வாடை மூக்கைத் துளைத்தது. சுத்தமாக வைத்திருக்கிறார்கள் என்று நிம்மதியாக இருந்தது. ஆனால் பையன் ராத்திரி முழுக்க இருமினான். ஏன்? (எடிசன்)

இந்த 'நிம்மதி'யோடுதான் எனக்குப் பல வருடச் சண்டை. நன்றாகப் பராமரிக்கும் குளத்தில் குளோரின் போதுமான அளவு இருந்தாலும் வாடை மூக்கில் ஏறாது. நீங்கள் முகர்ந்தது குளோராமின். வியர்வை, உடம்பில் பூசிய லோஷன், அப்புறம் நாம் பேச விரும்பாத சிறுநீர், இவையெல்லாம் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் சரக்கு அது. வெளிக்குளத்தில் காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடும். உள்ளரங்கில் கூரை இருக்கிறதே, எங்கே போகும்? காற்றைவிடக் கனமானது என்பதால் தண்ணீர்மட்டத்துக்கு மேலேயே தங்கும். உங்கள் பையனின் மூக்கும் அதே உயரத்தில்தான் இருக்கிறது.

2007-இல் ஒஹையோ மாநிலத்தில் ஒரு விடுதிப் பூங்காவில் இதே இருமல், கண் எரிச்சல் என்று புகார்கள் வந்து, அரசு ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தார்கள். விடுதி நிரம்பி வழிந்த நாட்களில் குளத்தைக் காவல் காக்கும் லைஃப் கார்டுகளுக்கு இந்த இருமலும் எரிச்சலும் கூடியிருந்தன. கூட்டம் கூடினால் வியர்வை கூடும், குளோராமினும் கூடும். அதனால்தான் நீண்ட வாரக்கடைசியில் போகாதீர்கள் என்று வருடா வருடம் கத்துகிறேன்.

நான் குளம் பராமரித்த காலத்தில் காலை ஒன்பது மணிக்குத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். மதியம் மூன்று மணிக்குக் குழந்தைகளுக்கான குளத்தின் ஓரத்தில் குனிந்தால் கண்ணில் நீர் வரும். நடுவில் நடந்தது என்ன? முந்நூறு பேர் ஷவரை எட்டிப் பார்க்காமல் நேராக இறங்கியிருப்பார்கள். ஒரே ஒரு நிமிடம் ஷவரில் நின்றால் உடம்பில் உள்ள அழுக்கில் பெரும்பகுதி போய்விடும். 'எப்படியும் தண்ணீரில்தானே இறங்கப் போகிறோம்' என்பார்கள். கோயில் குளத்தில் கால் கழுவிவிட்டு இறங்கிய பரம்பரைதானே நாம்!

ஆகவே பூங்காவைத் தேர்ந்தெடுக்கும்போது சறுக்கை எண்ணாதீர்கள், மூக்கை நம்புங்கள். கதவைத் திறந்ததும் கண் கரித்தால் மேலாளரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். முடிந்தால் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளை என்றால் யோசிக்காமல் வெளியே வந்துவிடுங்கள். மற்றவர்கள், தயவுசெய்து, குளித்துவிட்டு இறங்குங்கள்.

ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார். புடவையோடு உள்ளே உட்காரலாமா?

உட்காரலாம், தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள். உள்ளே 84 டிகிரி ஃபாரன்ஹீட், அதோடு புழுக்கம். பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வந்தால் சித்திரை வெயிலில் கல்யாண மண்டபத்தில் இருப்பது போலிருக்கும். மெல்லிய பருத்தி போதும். வேடிக்கை பார்ப்பவருக்கும் பெரும்பாலும் டிக்கெட் உண்டு.

குழந்தைக்கு நேற்று லேசாக வயிற்றுப்போக்கு. ஸ்விம் டயப்பர் போட்டால் போகலாம்தானே?

கூடாது. அது கிருமியைத் தடுக்காது. கிரிப்டோ என்ற ஒட்டுண்ணி, குளோரின் சரியாக உள்ள தண்ணீரிலேயே ஏழு நாட்களுக்கு மேல் உயிரோடு கிடக்கும். முன்பணம் போனால் போகட்டும்.

கையில் மாட்டும் காற்று மிதவை வாங்கிப் போகலாமா?

வேண்டாம், வீட்டிலேயே வையுங்கள். பெரிய பூங்காக்களில் லைஃப் ஜாக்கெட் இலவசம், அளவு பார்த்து எடுங்கள். ஜாக்கெட் போட்டாயிற்று என்று நீங்கள் நாற்காலியில் சாய்ந்து ஃபோனை எடுத்தால் அதற்கும் நான் பொறுப்பில்லை. கைக்கெட்டும் தூரத்தில் நில்லுங்கள்.

பெர்லினில் இருக்கிறோம். டிராபிகல் ஐலண்ட்ஸ் நீர்ப்பூங்காவுக்குப் போகலாமா?

தாராளமாக. சுமார் 60 கி.மீ. தெற்கே இருக்கிறது. ஆகாயக் கப்பல் கட்ட ஒரு கம்பெனி எழுப்பிய கொட்டகை அது. 360 மீட்டர் நீளம், 107 மீட்டர் உயரம். அந்தக் கம்பெனி திவாலான பிறகு 2004-இல் உள்ளே கடற்கரையையும் காட்டையும் வைத்துத் திறந்தார்கள். இவ்வளவு பெரிய கொட்டகையில் மூக்குப் பிரச்சினை குறைவு. ஒரே எச்சரிக்கை: சானா பகுதியில் உடை கூடாது என்பது அங்கே விதி. வழி தெரியாமல் பெரியப்பாவை அந்தப் பக்கம் அனுப்பிவிடாதீர்கள்.

உள்ளே ஃபோட்டோ எடுத்தால் எல்லாம் மங்கலாகவே வருகிறது.

வெளிக்குளிரிலிருந்து வந்த ஃபோனில் ஆவி படிகிறது. அரை மணி பொறுங்கள். அதற்குள் குளித்துவிட்டு வரலாம்.