நடிகர் சங்க கார்டுக்கு 60,000 ரூபாய் கேட்கிறார், கொடுக்கலாமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். வயது 24. தெருக்கூத்து ஆடுவேன், மூன்று குறும்படங்களில் நடித்திருக்கிறேன். போன மாதம் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் நடந்த சினிமா ஷூட்டிங்கில் இரண்டு நாள் வேலை கிடைத்தது, ஒரு வரி வசனமும் பேசினேன். அங்கே பழக்கமான ஏஜென்ட் ஒருவர், 60,000 ரூபாய்க்கு நடிகர் சங்க கார்டு வாங்கித் தருவதாகச் சொன்னார். ஜிபேயில் 15,000 அனுப்பிவிட்டேன். ரசீது கேட்டால் பேச்சை மாற்றுகிறார். வெளியூர்ப் பையன் நேரடியாகப் போனால் சேர்க்க மாட்டார்கள் என்கிறார். மீதியைக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் தம்பி. அந்த 45,000 உங்களிடமே இருக்கட்டும்.

1952ல் தொடங்கிய தென்னிந்திய நடிகர் சங்கம், சென்னை தி.நகர் அபிபுல்லா சாலையில் இருக்கும் பதிவு பெற்ற சங்கம். யாரை, எந்தப் பிரிவில் சேர்ப்பது என்பதை அதன் விதிகள்தான் முடிவு செய்யும், ஏஜென்ட் அல்ல. நேரில் போய் விதிகளைக் கேட்டுப் படியுங்கள். கட்டணம் எதுவானாலும் அங்கேயே கட்டி ரசீது வாங்குங்கள். நாடக நடிகர்களும் அங்கே நிறையப் பேர் உறுப்பினர்களாக இருக்கிறார்கள். அதனால் உங்கள் மேடை அனுபவத்தையும் மறக்காமல் எழுதுங்கள்.

உங்களுக்கு இப்போது முக்கியம், நடித்ததற்கான அத்தாட்சி. நான் பார்த்தவரை இளம் நடிகர்கள் கோட்டை விடுவது இங்கேதான். படம் முடிந்ததும் தயாரிப்பு அலுவலகத்தைக் காலி செய்துவிடுவார்கள், உங்களைத் தெரிந்த உதவி இயக்குநர் வேறு படத்துக்குப் போயிருப்பார். இந்த வாரமே புரொடக்ஷன் மேனேஜரைப் பிடியுங்கள். படத்தின் பெயர், நீங்கள் வேலை செய்த தேதிகள், வேடம், வசனம் பேசியது எல்லாம் கம்பெனி லெட்டர்ஹெட்டில் வரட்டும். கூட்டத்தில் நின்றவரும் வசனம் பேசியவரும் சினிமாவில் ஒன்றல்ல, அதனால் ‘வசனம்’ என்ற சொல் கடிதத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். வரச் சொல்லி வந்த மெசேஜ், மேக்கப்போடு எடுத்த படம் எதையும் அழிக்காதீர்கள். அடுத்த முறை சம்பளத்தை வங்கிக் கணக்கில் கேளுங்கள், ஒப்பந்தத்தை எழுத்தில் கேளுங்கள். சினிமாத் தொழிலாளர்களுக்கு எழுத்து ஒப்பந்தம் வேண்டும் என்று 1981லேயே மத்திய அரசு சட்டம் கொண்டுவந்தது.

வெளியூர்க்காரர் என்ற பயம் வேண்டாம். மும்பையில் ஒரு ஒப்பனைக் கலைஞர்கள் சங்கம், பெண் என்பதற்காகவும், மகாராஷ்டிராவில் 5 ஆண்டு வசிக்கவில்லை என்பதற்காகவும் சாரு குரானாவைச் சேர்க்க மறுத்தது. 2014ல் உச்ச நீதிமன்றம் அந்த விதிகளையே ரத்து செய்தது. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: விண்ணப்பித்தவரை எல்லாம் சேர்த்தே தீர வேண்டும் என்று எந்தச் சங்கத்தையும் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. நியாயமான தகுதி விதியைக் காட்டி மறுத்தால், அந்தத் தகுதியை அடைந்த பிறகு மறுபடி விண்ணப்பிப்பதுதான் வழி. அதுவரை நடிக்கத் தடை ஏதும் இல்லை. கார்டு இருந்தால்தான் நடிக்கலாம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

சரி, போன 15,000? உடனே 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்கு போன் செய்து ஜிபே பரிமாற்ற எண்ணைச் சொல்லுங்கள். கடலூரிலேயே காவல் நிலையத்தில் எழுத்துப் புகார் கொடுங்கள். “புதுச்சேரியில் நடந்தது, அங்கே போ” என்று திருப்பி அனுப்பினால், எல்லை பார்க்காமல் புகாரைப் பதிய வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு சொல்வதை எடுத்துக் காட்டுங்கள். ஏமாற்றிப் பணம் வாங்குவது, குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4) பிரிவில் 7 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களைப் பத்திரப்படுத்துங்கள். கோபத்தில் அவரை பிளாக் செய்துவிடாதீர்கள், அவர் இனி அனுப்புவதும் சாட்சிதான்.

அப்புறம், கூத்துக் கலைஞர் என்பதால் உங்களுக்கு இன்னொரு வாசலும் இருக்கிறது. தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்யுங்கள். கலை பண்பாட்டுத் துறை வழியாக விண்ணப்பிக்கலாம். கடலூர் முகவரி உள்ள ஆவணத்தையே கொடுங்கள். புதுச்சேரி முகவரி அங்கே செல்லாது.