சுண்டையின் வாடல் எதிர்ப்பைக் கத்தரிக்குள் கொண்டுவர முடியுமா?

குலசேகரம் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "மழை விட்டதும் வழுதலங்காய் (கத்தரி) செடி பச்சையாகவே தொங்கிப் போகிறது. வேலியோரச் சுண்டைக்கு ஒன்றும் ஆவதில்லை. மரபணுக் குறியீடு வைத்து அந்தக் குணத்தை மாற்றலாம் என்கிறார்களே, இது பிடி கத்தரி மாதிரியா?"

இல்லை. பிடி கத்தரியில் ஒரு பாக்டீரியாவின் மரபணுவை ஆய்வகத்தில் செருகினார்கள். 2010இல் மத்திய அரசு அதை நிறுத்திவைத்தது. இங்கே நடப்பது மகரந்தம் தொட்டுவைக்கும் பழைய கலப்புதான். காட்டு இனத்தோடு கலந்தால் எதிர்ப்புச் சக்தியோடு கசப்பும் முள்ளும் சின்னக் காயும் கூடவே வரும். அதனால் பிறந்த கன்றை மறுபடி மறுபடி நம் ரகத்தோடு சேர்க்கிறார்கள். காட்டுப் பங்கு சராசரியாக 50, 25, 12.5 சதவீதம் என்று குறையும். வேண்டிய மரபணு எந்தக் கன்றில் தங்கியது என்று அறிய, முன்பெல்லாம் நோயைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். இப்போது நாற்றிலேயே இலைத் துண்டைக் கிள்ளி டிஎன்ஏ பார்த்தால் போதும். அந்த மரபணுவை ஒட்டிய டிஎன்ஏ அடையாளம்தான் நீங்கள் சொன்ன மரபணுக் குறியீடு; அது இல்லாத நாற்றைப் பிடுங்கிவிடலாம். ஒட்டிக்கொண்டு வரும் வேண்டாத துண்டையும் இதே வழியில் கழிக்க முடிவதுதான் பெரிய லாபம் என்பேன்.

தக்காளியில் வேர்முடிச்சு நூற்புழுவைத் தாங்கும் மரபணு 1940களில் காட்டுத் தக்காளியிலிருந்து வந்தது. இலைச்சுருட்டு வைரஸைத் தாங்கும் மரபணுக்களும் அப்படித்தான்.

ஆனால் சுண்டை கத்தரியோடு லேசில் சேராது. சேர்ந்தாலும் கன்று பெரும்பாலும் மலடு. சரி, இப்போதைக்குச் சுண்டை வேர்மேல் கத்தரியை ஒட்டுக் கட்டுங்கள். அதற்குமுன் வாடிய தண்டை வெட்டித் தெளிந்த தண்ணீரில் பிடித்துப் பாருங்கள். பால்போல் நூல் இறங்கினால் பாக்டீரியா வாடல்தான்.