1978 அம்பாசடர் பெட்ரோல் எஞ்சினுக்கு எந்த ஆயில்? ஜிங்க் அடிட்டிவ் சேர்க்கலாமா?

கேள்வி: மார்க் 3, 1489 சிசி பி.எம்.சி. பெட்ரோல் எஞ்சின். கடையில் 5டபிள்யூ-30 ஃபுல் சிந்தெடிக் தருகிறார்கள். மெக்கானிக் ஜிங்க் அடிட்டிவும் ஆயில் ஒழுகலை நிறுத்தும் மருந்தும் ஊற்றச் சொல்கிறார். எதைக் கேட்பது?

பதில்: 20டபிள்யூ-50 மினரல் ஆயில் போடுங்கள். இரண்டு மருந்தும் வேண்டாம். 5டபிள்யூ-30 தேய்ந்த பியரிங்குகளுக்கு மெல்லிசு. சூடேறியதும் பிரஷர் விழும்.

ஜிங்க் விஷயத்தில் மெக்கானிக் சொல்வது பாதி சரி. இந்த எஞ்சினில் டேப்பட்டுக்கு, அதாவது கேமின் தள்ளலை வால்வுக்குக் கடத்தும் துண்டுக்கு, ரோலர் கிடையாது. வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாப்ட்டின் மூக்கு டேப்பட்டின் அடியை உரசிக்கொண்டே சுற்றும். அங்கே ஆயில் படலம் அறுந்தால் இரும்பைக் காப்பது இசட்.டி.டி.பி. என்ற துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மம்தான். பாஸ்பரஸ் புதிய கார்களின் கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கெடுக்கும் என்பதால், 2004-இல் வந்த ஏ.பி.ஐ. எஸ்.எம். என்ற அமெரிக்க ஆயில் தரத்தில் அதை 800 பி.பி.எம்-முக்குள் (பத்து லட்சத்தில் 800 பங்கு) அடக்கினார்கள். பலரும் கவனிக்காதது, அந்த வரம்பு 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய கிரேடுகளுக்குத்தான். 20டபிள்யூ-50-க்கு அது பொருந்தாது. ஆயில் கம்பெனி வெளியிடும் டேட்டா ஷீட்டில் ஜிங்க் 1000 முதல் 1200 பி.பி.எம். இருந்தால் தாராளம். அதற்கு மேல் பாட்டில் பாட்டிலாக ஊற்றினால் பாஸ்பரஸ் மிஞ்சி, காக்க வேண்டிய இரும்பையே அரிக்கத் தொடங்கும்.

டேட்டா ஷீட்டில் ஜிங்க் அளவே போடவில்லையா? ஜாசோ எம்.ஏ.2 என்ற ஜப்பானிய பைக் ஆயில் தர முத்திரை உள்ள 20டபிள்யூ-50 பைக் ஆயிலை வாங்குங்கள். அந்தத் தரத்தின்படி, ஜிங்க்குடன் சேர்ந்து வரும் பாஸ்பரஸ் 800 முதல் 1200 பி.பி.எம். இருந்தாக வேண்டும். காரில் பைக் ஆயிலா என்று கடைக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும்.

ஒரே விலக்கு, புது கேம்ஷாப்ட்டும் டேப்பட்டும் போட்ட எஞ்சின். கேம் மூக்குகளில் மாலி பேஸ்ட் (மாலிப்டினம் கலந்த மசகு) தடவி, அந்த முதல் ஆயிலுக்கு மட்டும் ஜிங்க் சேர்க்கலாம். ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாமல் 20 நிமிடம் 2000 ஆர்.பி.எம். சுற்றில் ஓட்டுங்கள். கேமுக்கு ஆயில் பெரும்பாலும் கிராங்க் வீசியடிப்பதில்தான் கிடைக்கிறது. ஐடிலில் அது போதாது.

ஒழுகல் மருந்து ரப்பர் சீலை ஊதவைத்து வேலை செய்வது. இந்த எஞ்சினின் பின்பக்க கிராங்க்கில் ரப்பர் சீலே கிடையாது! ஆயிலைத் திருப்பி உள்ளே தள்ளும் மரை போன்ற பள்ளம்தான் இருக்கிறது. ஊதுவதற்கு அங்கே எதுவும் இல்லை. எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே கிளட்ச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங் அடியில் ஸ்ப்ளிட் பின் தொங்கும் ஓட்டையில் சொட்டினால் முதலில் எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியேற்றும் பிரீதர் குழாயைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவுங்கள். அது அடைத்தால் எஞ்சினுக்குள் காற்றழுத்தம் ஏறி, ஆயிலை அந்தப் பள்ளம் வழியாகவே வெளியே தள்ளும். பக்கவாட்டு டேப்பட் கவர்களின் கார்க் கேஸ்கட்டையும் பாருங்கள். ஒழுகுகிறதே என்று போல்ட்டை மேலும் முறுக்கினால் தகடு வளைந்து இன்னும் ஒழுகும்.

ஆயில் மாற்றும்போது கொஞ்சம் குறைவாகவே ஊற்றிவிட்டு மீதியை டிப்ஸ்டிக் பார்த்துச் சேருங்கள். கிண்ணத்துக்குள் எலிமென்ட் இருக்கும் பழைய ஃபில்டர் என்றால், மேலே பள்ளத்தில் ஒட்டியிருக்கும் பழைய ரப்பர் ரிங்கை ஊசியால் கிளறி எடுத்தே ஆகவேண்டும். கறுத்து இறுகிக் கிடப்பதால் உலோகம் போலவே தெரியும். அதன்மேல் புது ரிங்கை வைத்தால் ஸ்டார்ட் செய்த சில நொடிகளில் ஆயில் தரையில்தான். பொருத்தியபின் காயில் ஒயரைக் கழற்றிவிட்டு, பிரஷர் காட்டும்வரை செல்ஃப் அடித்து, பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். 3000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அப்போது அடுத்த மாற்றம்.

டேப்பட் இடைவெளி 0.015 அங்குலம். ஒரு வால்வு மட்டும் வைத்த அளவில் நிற்காமல் அடிக்கடி கூடினால் அந்தக் கேம் மூக்கு தேய்கிறது என்று பொருள். எந்த அடிட்டிவும் அதைத் திரும்ப வளர்க்காது.

டிப்ஸ்டிக்கில் அளவு குறையாமல் ஏறுகிறதா? மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரம் கிழிந்து பெட்ரோல் சம்ப்பில் (அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) இறங்குகிறது. எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய டயாஃப்ரம் சீக்கிரம் போகும். வண்டியை எடுக்காமல், எத்தனால் தாங்கும் டயாஃப்ரம் போட்டபின் ஆயிலையும் ஃபில்டரையும் சேர்த்தே மாற்றுங்கள்.