வெளிநாட்டு மின்சாரத்தில் நம் அடாப்டர்கள்: கேள்வி பதில்

கேள்வி (மதுரை): மகன் அமெரிக்காவுக்குப் படிக்கப் போகிறான். லேப்டாப் சார்ஜர் அங்கே வேலை செய்யுமா?

பதில்: சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள், அம்மா. பொடி எழுத்தில் 'இன்புட்' என்று ஒரு வரி இருக்கும். அதில் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்றிருந்தால் கவலையில்லை. ஹெர்ட்ஸ் என்பது மின்சாரம் ஒரு நொடியில் எத்தனை முறை அலைகிறது என்ற கணக்கு. இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். சார்ஜர் தானே சமாளித்துக்கொள்ளும். தட்டை முள் சாக்கெட்டுக்கு ஒரு மாற்றுப் பிளக் போதும். ஆனால் அந்தப் பிளக் முள்ளைத்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது. இதை மகனிடம் அழுத்திச் சொல்லி அனுப்புங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): சிங்கப்பூரில் போன் சார்ஜர்?

பதில்: அங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். மூன்று பட்டை முள் பிளக் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி (கோவை): ஜப்பானில் வாங்கிய பழைய கேம் கன்சோல். அடாப்டரில் 100 வோல்ட் என்று மட்டும் இருக்கிறது. எங்கள் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் பிளக் பொருந்துகிறது. செருகலாமா?

பதில்: செருகாதீர்கள். பொருந்துவதுதான் ஆபத்தே. அந்தக் காலத்துக் கனமான அடாப்டருக்குள் இருப்பது 100 வோல்ட்டுக்குச் சுற்றிய டிரான்ஸ்பார்மர். 230 கொடுத்தால் அதன் இரும்புச் சட்டத்தில் காந்தம் தாங்கும் எல்லைவரை நிறைந்துவிடும். கம்பிச்சுற்றில் கரண்ட் கட்டுக்கடங்காமல் ஏறும். அப்படிப் போன ஒன்றை நான் பிரித்துப் பார்த்திருக்கிறேன். வார்னிஷ் கருகித் தார்போல ஒட்டியிருந்தது. பிளாஸ்டிக் மூடி ஒரு பக்கம் உருகி உள்ளே வளைந்திருந்தது.

230-ஐ 100 ஆக்கும் டிரான்ஸ்பார்மர் வாங்குங்கள். அதன் வாட் அளவு அடாப்டரின் தேவையை விடக் கூடுதலாக இருக்கட்டும். வேறு அடாப்டர் போடுவதானால் அவுட்புட் வரியையும் படியுங்கள். வோல்ட் அதேதான் வேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம். நடு முள் பிளஸ்ஸா மைனஸா என்ற படமும், ஏசியா டிசியா என்பதும் ஒத்துப்போக வேண்டும். இதில் ஒன்று பிசகினாலும் கன்சோல் போய்விடும்.

கேள்வி (திருச்சி): லேப்டாப் சார்ஜர் லண்டனில் வேலை செய்யுமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். இன்புட் வரியைப் பாருங்கள்.

கேள்வி (நியூ ஜெர்சி): ஊரிலிருந்து 750 வாட் மிக்சி கொண்டுவந்தோம். 60 ஹெர்ட்ஸில் வேகமாக ஓடிக் கெட்டுவிடும் என்கிறார்களே?

பதில்: மிக்சியில் இருப்பது கார்பன் பிரஷ் மோட்டார். ஹெர்ட்ஸ் அதன் வேகத்தைத் தீர்மானிப்பதில்லை. வோல்டேஜை ஏற்றும் டிரான்ஸ்பார்மர் போதும். கிளம்பும்போது மோட்டார் அதிகம் இழுக்கும் என்பதால் 1500 வாட்டாவது வேண்டும்.

மறுப்பு (சென்னை): தவறு, ஐயா. என் அண்ணன் வீட்டுக் கிரைண்டர் அங்கே வேகமாகத்தான் சுற்றுகிறது. கண்ணால் பார்த்தேன்.

பதில்: நீங்கள் பார்த்தது உண்மை. ஆனால் அது கிரைண்டர். அதிலுள்ள இண்டக்ஷன் மோட்டார் ஹெர்ட்ஸைப் பின்தொடரும். 60-இல் சுமார் 20 சதவீதம் கூடுதலாகச் சுற்றும். டிரான்ஸ்பார்மர் ஹெர்ட்ஸை மாற்றாது. அதனால் கிரைண்டரை மட்டும் அங்கேயே, அந்த ஊர் மின்சாரத்துக்கான மாடலாக வாங்கச் சொல்கிறேன்.

மறுப்பு (சென்னை): அப்படியானால் மிக்சிக்கும் அதே விதிதானே?

பதில்: இல்லை. இரண்டும் மோட்டார் என்பதால் ஒன்றாகிவிடாது. மிக்சியில் சுழலும் கம்பிச்சுருளுக்குக் கரண்ட் பிரஷ் வழியாகப் போகிறது. கிரைண்டரில் பிரஷ்ஷே கிடையாது. மிக்சியின் அடியில் எட்டிப் பார்த்தால் ஓடும்போது நீலப் பொறி தெரியும். அந்தப் பொறி கிரைண்டரில் வராது.

கேள்வி (சேலம்): லேப்டாப் சார்ஜர் கனடாவில்...

பதில்: இன்புட் வரி, ஐயா. இன்புட் வரி.

கேள்வி (ஈரோடு): அமெரிக்காவிலிருந்து வந்த பழைய டெஸ்க்டாப்பின் பின்புறம் ஒரு சிவப்பு சுவிட்ச் இருக்கிறது. 115 என்று காட்டுகிறது.

பதில்: செருகிவிடவில்லையே? முதலில் அதை 230-க்குத் தள்ளுங்கள். 115-இல் இருந்தால் உள்ளே வரும் வோல்டேஜை அந்தச் சுற்று இரட்டிப்பாக்கும். நம் ஊர் மின்சாரத்தில் கெபாசிட்டர்கள் வெடித்துவிடும். தள்ளிய பின் அந்த சுவிட்சின் மேல் டேப் ஒட்டுங்கள். வீட்டில் குழந்தை இருந்தால் இன்றே ஒட்டுங்கள்.